தமனிக் கொழுப்புப் படிவு நோயும் இரத்தக்குழாய் சிகிச்சையின் சிக்கல்களும்: எல்லைப்புற ஊர்கள் அறிந்திருக்க வேண்டியவை

சித்தூர்: ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள கங்காதர நெல்லூர் வட்டார மக்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் இரண்டு திசைகள் நினைவுக்கு வரும். ஒன்று வடகிழக்கே திருப்பதி. மற்றொன்று தெற்கே வேலூர். மாரடைப்பு, பக்கவாதம், காலில் ஆறாத புண் என எது வந்தாலும், சித்தூர் நகரைக் கடந்து இவ்விரு ஊர்களில் ஒன்றுக்குச் செல்வதே வழக்கமாக இருந்து வருகிறது. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலும், திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன.

சிகிச்சை அங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் பின்விளைவுகளில் பல, நோயாளி வீடு திரும்பிய பின்னரே தலைகாட்டுகின்றன. தொடையில் திடீர் வீக்கம், கால் விரல்களில் நீல நிறம், குறைந்துபோன சிறுநீர், தவறவிட்ட மாத்திரையால் மீண்டும் நெஞ்சுவலி ஆகியவற்றை முதலில் காண்பவர்கள் குடும்பத்தினரே. எனவே தமனிகளில் கொழுப்புப் படியும் நோய் எவ்வாறு உருவாகிறது, அதற்கான குழாய்வழிச் சிகிச்சைகள் எவை, அவற்றால் என்னென்ன சிக்கல்கள் நேரக்கூடும் என்பதை அறிந்திருப்பது உயிரையும் உறுப்பையும் காக்கும்.

படிவு உருவாகும் விதம்

இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தமனிகள் எனப்படும். அவற்றின் உட்சுவரை மிக மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று போர்த்தியுள்ளது. உயர் இரத்த அழுத்தம், புகையிலை, சர்க்கரை நோய் ஆகியவற்றால் அப்படலம் சேதமடையும்போது, இரத்தத்தில் உள்ள எல்.டி.எல். வகைக் கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி, அங்கேயே தேங்கி மடிகின்றன. இவ்வாறு பல ஆண்டுகளில் கொழுப்பு, இறந்த உயிரணுக்கள், சுண்ணாம்பு, நார்த்திசு ஆகியவை சேர்ந்து ஒரு மேடாகின்றன. அந்த மேடே கொழுப்புப் படிவு ஆகும்.

படிவின் மேற்பகுதியை நார்த்திசுவாலான ஒரு மூடி காக்கிறது. மூடி தடிமனாக இருக்கும் வரை குழாய் மெல்லச் சுருங்குமே தவிர, திடீர் ஆபத்து குறைவு. மூடி மெலிந்து கிழியும்போது உள்ளிருக்கும் கொழுப்பு இரத்தத்துடன் கலக்கிறது. அதன்மீது சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து குழாயை முற்றிலும் அடைத்துவிடுகிறது. குழாயில் பாதி அளவுக்கும் குறைவான அடைப்பு உள்ளவருக்கும் திடீர் மாரடைப்பு வருவதற்கு இதுவே காரணம். முந்தைய நாள் வரை நலமாக நடமாடியவர் மறுநாள் சாய்ந்துவிடும் துயரத்தின் பின்னணியும் இதுதான்.

டென்மார்க்கின் புகழ்பெற்ற சிற்பி பெர்டெல் தோர்வால்ட்சன் 1844 இல் நாடக அரங்கில் திடீரென மரணமடைந்தார். அவரது உடற்கூறாய்வில் இதயத் தமனியில் கிழிந்த கொழுப்புப் படிவு காணப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டது. 1904 இல் ஜெர்மானிய மருத்துவர் பெலிக்ஸ் மார்ச்சண்ட் இந்நோய்க்கு 'அதெரோஸ்கிளரோசிஸ்' என்று பெயரிட்டார். கூழ், கடினமாதல் என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1913 இல் ரஷ்ய ஆய்வாளர் நிக்கொலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டி, அவற்றின் தமனிகளில் இத்தகைய படிவுகள் உருவாவதைக் காட்டினார்.

இது நவீன வாழ்க்கையால் மட்டும் வந்த நோய் அன்று. எகிப்து, பெரு உள்ளிட்ட நான்கு பகுதிகளைச் சேர்ந்த 137 பழங்காலப் பதனுடல்களை ஊடுகதிர்க் கருவியால் ஆராய்ந்து 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் இந்நோயின் அடையாளங்கள் இருந்தன. முதுமையோடு சேர்ந்து வரும் இந்நோயை நடுவயதுக்கே இழுத்து வந்ததுதான் இக்காலத்தின் பங்களிப்பு.

இளவயதிலேயே தாக்குவது ஏன்

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான 'இண்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பெரும்பகுதியை ஒன்பது காரணிகளால் விளக்க முடியும் என்று கூறியது. புகையிலை, கொழுப்புச் சமநிலைக் கேடு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், காய்கனிகளைக் குறைவாக உண்ணுதல், உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் தொடர்பான காரணி ஆகியவை அவை. இந்த ஆய்வின் தரவுகளிலிருந்து 2007 இல் வெளியான பகுப்பாய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59. குடும்பத்தின் வருமானம் முழுவதும் ஒருவரின் உழைப்பைச் சார்ந்திருக்கும் வீடுகளில் இந்த ஆறு ஆண்டு இடைவெளியின் பொருள் பெரிது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துள்ளது. வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. சர்க்கரை நோய் பெரிய தமனிகளை மட்டுமன்றி, முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய தமனிகளையும் தாக்குகிறது. அதே நோய் பாதத்தின் உணர்வையும் மழுங்கச் செய்வதால், வயலில் முள் குத்தியதோ செருப்பு உராய்ந்ததோ தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் இல்லை, வலியும் இல்லை என்ற நிலையில் சிறு காயம் அழுகலாக மாறுகிறது.

பீடி, சிகரெட் பழக்கமுள்ள இளைஞர்களின் கால்களைப் பாதிக்கும் வேறொரு நோயும் உண்டு. 1908 இல் லியோ பர்கர் என்ற மருத்துவர் விரிவாக விளக்கியதால் அது பர்கர் நோய் எனப்படுகிறது. அது கொழுப்புப் படிவால் வருவதன்று. தமனிகளில் ஏற்படும் அழற்சியால் வருவது. பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்டோரிடம் காணப்படும். புகையிலையை முற்றிலும் விடுவதே அதற்கு முதன்மைச் சிகிச்சை. இரண்டு நோய்களுக்கும் அறிகுறிகள் ஒத்திருப்பதால், இளவயதினரின் கால் வலியை ஆராயும் மருத்துவர்கள் புகைப்பழக்கம் குறித்து வலியுறுத்திக் கேட்கின்றனர்.

எந்த உறுப்பில் என்ன அறிகுறி

கொழுப்புப் படிவு உடல் முழுவதற்குமான நோய். ஓரிடத்தில் வெளிப்பட்டால் மற்ற இடங்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதயத் தமனியில் படிந்தால் உழைக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் வலியின்றி வியர்வை, களைப்பு, வாந்தி உணர்வு மட்டுமே இருக்கலாம். இதனை வாயுக் கோளாறு என்று கருதிக் காலம் தாழ்த்துவதால் நேரும் இழப்புகள் ஏராளம்.

கழுத்துத் தமனியில் படிந்தால் ஒரு பக்கக் கை, கால் தளர்தல், பேச்சுக் குழறல், ஒரு கண்ணில் சில நிமிடம் பார்வை மறைதல் ஆகியவை ஏற்படும். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் அது வரவிருக்கும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பு என்பதால், அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

கால் தமனியில் படிந்தால் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைச் சதை வலித்து, நின்றால் குறையும். நோய் முற்றும்போது நடக்கும் தூரம் குறைந்துகொண்டே வரும். பின்னர் இரவில் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் சற்று ஆறுதல் கிடைக்கும். இந்த நிலை வந்தால் கால் ஆபத்தில் உள்ளது என்று பொருள்.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கணுக்காலில் எடுக்கும் இரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். விடை 0.9 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கால் தமனியில் அடைப்பு உள்ளதாகக் கொள்ளப்படும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கடினமாவதால், இந்த எண் 1.4 க்கு மேல் சென்று நோயை மறைத்துவிடக்கூடும். அத்தகையோருக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் அளக்கப்படுகிறது.

குழாய்வழிச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

1929 இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கையின் சிரை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை செலுத்தி, ஊடுகதிர்ப் படமெடுத்துக் காட்டினார். அப்போது கண்டனத்துக்கு உள்ளான அந்தச் செயலுக்கு 1956 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1953 இல் ஸ்வீடனின் ஸ்வென் செல்டிங்கர், ஊசியின் வழியே கம்பியையும் கம்பியின் மீது குழாயையும் செலுத்தும் முறையை வகுத்தார். இன்றளவும் உலகெங்கும் பின்பற்றப்படும் முறை அதுவே.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், காலை வெட்டியெடுக்க மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவருக்கு, மருத்துவர் சார்லஸ் டாட்டர் தொடைத் தமனியின் அடைப்பைக் குழாய்களைக் கொண்டு விரிவாக்கினார். மூதாட்டியின் பாதம் பிழைத்தது; தம் கால்களாலேயே அவர் மீண்டும் நடந்தார். குழாய்வழிச் சிகிச்சை தொடங்கியது இதயத்திலன்று, காலில் என்பது பலரும் அறியாத செய்தி.

1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், இதயத் தமனியில் முதன்முறையாகப் பலூன் சிகிச்சை செய்தார். விரிவாக்கிய குழாய் மீண்டும் சுருங்குவதைத் தடுக்க, 1986 இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாய் இதயத் தமனியில் பொருத்தப்பட்டது.

இந்தியாவில் 1975 இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். குருன்ட்சிக்கிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், இந்நாட்டில் ஆஞ்சியோபிளாஸ்டியின் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். 1900 இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 இல் செயல்படத் தொடங்கிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகமும் இன்று இவ்வட்டார மக்களுக்கு இந்தச் சிகிச்சைகளை வழங்கும் நிறுவனங்களுள் முதன்மையானவை. வேலூர் கல்லூரிக்குச் சித்தூர் மாவட்டம் குடிபாலா பகுதியிலும் ஒரு வளாகம் உண்டு.

குழாய் நுழையும் இடத்தில் நேரும் சிக்கல்கள்

குழாய்வழிச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலானோர் இடரின்றி வீடு திரும்புகின்றனர். எனினும் எந்தச் சிகிச்சையும் ஆபத்தற்றதன்று.

மிகவும் பரவலாகக் காணப்படுவது குழாய் நுழைத்த இடத்தில் ஏற்படும் இரத்தக் கசிவு. தொடை வழியாகச் செய்தால் அந்த இடத்தில் நீலநிறக் கன்றல் தோன்றி, சில வாரங்களில் மறையும். ஆனால் கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, அதில் நாடித்துடிப்பு உணரப்பட்டாலோ, தமனித் துளை மூடாமல் இரத்தம் வெளியே தேங்கிப் போலி வீக்கமாக மாறியிருக்கக்கூடும். ஸ்கேன் மூலம் அதனைக் கண்டறிந்து, ஊசி மருந்தாலேயே பெரும்பாலும் அடைத்துவிட முடியும். அத்தகைய வீக்கத்தைத் தைலமிட்டுத் தேய்ப்பதோ, சீழ்க்கட்டி எனக் கருதிக் கீறுவதோ உயிருக்கே உலை வைக்கும்.

சில நேரங்களில் வெளியே எதுவும் தெரியாமல் வயிற்றின் பின்புறத்தில் இரத்தம் தேங்கும். இடுப்பு அல்லது முதுகு வலி, மயக்கம், வியர்வை, இரத்த அழுத்தம் குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இது பெரும்பாலும் சிகிச்சை முடிந்த முதல் நாளிலேயே வெளிப்படுவதால், மருத்துவமனையில் படுக்கையில் நீட்டிப் படுத்திருக்கச் சொல்லும் மணிநேரங்களைப் பொறுமையுடன் கடைப்பிடிப்பது அவசியம்.

மணிக்கட்டுத் தமனி வழியாகச் செய்யும் முறை 1989 இல் கனடாவில் அறிமுகமானது. 7,021 நோயாளிகளிடம் நடத்தி 2011 இல் வெளியிடப்பட்ட 'ரைவல்' ஆய்வில், நுழைவிடத்துப் பெரும் இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் தொடை வழியில் 3.7 சதவீதமாகவும், மணிக்கட்டு வழியில் 1.4 சதவீதமாகவும் இருந்தன. மணிக்கட்டு வழியில் தமனி இறுக்கமடைவது, பின்னர் அடைத்துக்கொள்வது ஆகியவை நேரக்கூடும். கைக்கு இரு தமனிகள் இருப்பதால் பெரும்பாலும் பாதிப்பு தெரிவதில்லை. சிறுநீரக நோய் முற்றி, பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்படக்கூடியவர்களுக்கு மட்டும் கைத் தமனியைப் பாதுகாக்க வேண்டியிருப்பதால், எந்த வழி என்பது முன்கூட்டியே ஆலோசிக்கப்படுகிறது.

சிறுநீரகமும் சாய மருந்தும்

தமனிகளைப் படமெடுக்க அயோடின் கலந்த சாய மருந்து செலுத்தப்படுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக உள்ளவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, இதனால் பாதிப்பு ஏற்படலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஓரிரு நாள்களில் உயரத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாள்களில் உச்சமடைந்து, பெரும்பாலானோருக்கு இரண்டு வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உடலில் போதிய நீர்ச்சத்து இருப்பதை உறுதி செய்வதும், சாய மருந்தைக் குறைந்த அளவில் பயன்படுத்துவதும் தடுப்பு முறைகள். வலிநிவாரணி மாத்திரைகளும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தும் உட்கொள்பவர்கள் அதனை மருத்துவரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும். ஊரில் கடையில் வாங்கிச் சாப்பிடும் மூட்டுவலி மாத்திரையைச் சொல்லாமல் விடுவது பொதுவான தவறு.

நீல விரல்கள் சொல்லும் செய்தி

அதிகம் அறியப்படாத, ஆனால் கடுமையான சிக்கல் ஒன்று உண்டு. பெருந்தமனி முழுவதும் கொழுப்புப் படிவு நிறைந்திருக்கும் முதியவருக்குக் குழாயைச் செலுத்தும்போது, படிவு சிதைந்து அதிலுள்ள கொலஸ்ட்ரால் படிகங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. மழைபோல் கீழ்நோக்கிச் செல்லும் அப்படிகங்கள், சிறுநீரகம், குடல், கால் விரல்கள் ஆகியவற்றின் மிகச் சிறிய தமனிகளை அடைக்கின்றன. பெருந்தமனி அறுவை சிகிச்சைக்குப் பின்னரும், அரிதாகத் தானாகவும் இது நேரலாம்.

கால் விரல்கள் நீலமாகி வலிப்பது, தொடையிலும் பாதத்திலும் வலைப்பின்னல் போன்ற சிவந்த நீலக் கோடுகள் தோன்றுவது, இரத்த அழுத்தம் உயர்வது, சிறுநீரகச் செயல்பாடு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைவது ஆகியவை இதன் அடையாளங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கும். விரல் மட்டும் நீலமாக இருக்கும். பெரிய தமனி திறந்திருக்க, நுண்தமனிகள் மட்டும் அடைபட்டுள்ளதையே இது காட்டுகிறது. நாடி இருக்கிறதே என்று ஆறுதல் கொண்டு திரும்பிவிடும் இடமும் இதுவே.

சாய மருந்தால் வரும் சிறுநீரகப் பாதிப்பு சில நாள்களில் தோன்றி மறையும். படிகங்களால் வருவதோ நாள்களுக்கோ வாரங்களுக்கோ பின் தோன்றி, மெல்ல மோசமாகும். இரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் வகை வெள்ளணுக்கள் உயர்ந்திருப்பது சந்தேகத்தை வலுப்படுத்தும். இதற்கெனத் தனி மருந்து இல்லை. ஸ்டேடின் வகைக் கொழுப்புக் குறைப்பு மருந்து, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புண் பராமரிப்பு, தேவைப்பட்டால் டயாலிசிஸ் ஆகியவையே துணை. ஆகவே சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குப் பிறகும் ஒருமுறை கிரியாட்டினின் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

குழாயினுள்ளே நேரும் சிக்கல்கள்

பலூன் விரியும்போது தமனியின் உட்சுவர் கிழியலாம். அரிதாகச் சுவர் முழுவதும் துளைபடலாம். உறைகட்டி ஒன்று பிரிந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். ஆபத்து உள்ளவர்களை முன்னரே அடையாளம் கண்டு, அறுவை சிகிச்சைக் குழுவைத் தயார் நிலையில் வைப்பதும் இதனால்தான்.

நீண்ட நேரம் இரத்தமின்றி இருந்த காலுக்குத் திடீரென இரத்த ஓட்டம் திரும்பும்போது, தசைகள் வீங்கித் தமக்குள்ளேயே நெரிபடும். அடைப்பு நீங்கிய பிறகும் கால் கல்போல் இறுகிக் கடும் வலி ஏற்பட்டால், உறையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஸ்டென்ட் பொருத்திய பின் இரு வகை அடைப்புகள் நேரலாம். முதலாவது, ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் திடீரென உறைவது. நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாகவே நேர்ந்தாலும், இது பெரும் மாரடைப்பாகவே வெளிப்படும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்துகளைத் தாமாக நிறுத்துவது இதற்கு முக்கியக் காரணம். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தியோர் பொதுவாக ஓராண்டும், நிலையான இதய நோய்க்காகப் பொருத்தியோர் பொதுவாக ஆறு மாதமும் இரு மருந்துகளையும் உட்கொள்ள அறிவுறுத்தப்படுகின்றனர். பல் பிடுங்குவதற்காகவோ, மூலச் சிகிச்சைக்காகவோ அவற்றை நிறுத்துமுன் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாதக்கணக்கில் உள்சதை வளர்ந்து குழாய் மெல்ல மீண்டும் சுருங்குவது. வெறும் உலோக ஸ்டென்ட்டில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு நேர்ந்த இது, மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் வந்த பின் பத்துக்கும் கீழ் குறைந்தது.

யாருக்குத் தேவை, யாருக்குக் காத்திருக்கலாம்

மாரடைப்பு நேரும் வேளையில் அடைபட்ட குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும், அதில் ஐயமில்லை. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களின் நிலை வேறு. 2,287 பேரிடம் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான 'கரேஜ்' ஆய்வும், 5,179 பேரிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வும், முறையான மருந்துகளுடன் ஒப்பிடுகையில் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் அவர்களின் ஒட்டுமொத்த இறப்பைக் குறைக்கவில்லை என்று காட்டின. வலி நீங்கி நலமாக வாழ்வதில் பயன் உண்டு. இடது முதன்மைத் தமனி அடைப்பு, பலவீனமான இதயம் போன்றவை இருந்தால் கணக்கு மாறும்.

கழுத்துத் தமனியிலும் இவ்வாறே. பக்கவாத அறிகுறி ஏற்பட்டு, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, இரண்டாண்டில் அதே பக்கத்துப் பக்கவாத ஆபத்து 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்ததை 1991 இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு நிறுவியது.

கால் வலிக்கும் அளவிலேயே உள்ள நோய்க்கு முதற்சிகிச்சை நடையே. வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாளேனும் சில மாதங்கள் தொடர்ந்தால், நடக்கும் தூரம் கணிசமாகக் கூடும். ஓய்விலும் வலி, ஆறாத புண், அழுகல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கக் கூடாது. அங்கே தாமதம் காலை இழப்பதற்கான வழி.

தூரமும் நேரமும்

மாரடைப்பு நோயாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலாது எனத் தெரிந்தால், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது ஏற்கப்பட்ட முறை. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்து நடத்திய ஸ்டெமி ஆய்வில், 2,420 நோயாளிகளின் தரவுகள் 2017 இல் வெளியாயின. திட்டத்துக்கு முன் 17.6 சதவீதமாக இருந்த ஓராண்டு இறப்பு, பின்னர் 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் செல்வது காலவிரயமன்று என்பதற்கு இது சான்று. 2005 இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்தியை அழைப்பதே, தனியார் வாகனம் தேடி அலைவதைவிடப் பாதுகாப்பானது.

பக்கவாதத்துக்கு உறைகட்டியைக் கரைக்கும் மருந்தின் காலவரம்பு நான்கரை மணி நேரம். திடீரெனக் கால் வெளுத்து, சில்லிட்டு, மரத்து, அசைக்க முடியாமல் போனால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டத்தைத் திருப்ப வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 2007 இல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் ஆந்திரத்தில் தொடங்கிய திட்டம், தற்போது என்.டி.ஆர். வைத்திய சேவை என அழைக்கப்படுகிறது. மாநில எல்லையைத் தாண்டிச் செல்வோர், தங்கள் அட்டை அந்த மருத்துவமனையில் குறிப்பிட்ட சிகிச்சைக்குச் செல்லுமா என்று அவசரமில்லாத நேரங்களில் முன்பே கேட்டறிவது நல்லது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதய ஸ்டென்ட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என அப்போது நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அவ்வப்போது மாற்றியமைக்கப்படுகிறது. பொருத்தப்பட்ட ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் ரசீதில் தனியாகக் காட்டப்பட வேண்டும்.

வீடு திரும்பிய பின் கவனிக்க வேண்டியவை

குழாய் நுழைத்த இடத்தில் இரத்தம் கசிந்தால், நோயாளியைப் படுக்கவைத்து, அந்த இடத்தை விரல்களால் அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு அழைக்க வேண்டும். வீக்கம் பெருகுதல், துடிக்கும் கட்டி, காய்ச்சலுடன் சீழ், கால் அல்லது கை சில்லிடுதல், விரல் நீலமாதல், சிறுநீர் குறைதல், கறுத்த மலம், மீண்டும் நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வெளியேற்றச் சுருக்கம், ஆஞ்சியோகிராம் குறுந்தகடு, ஸ்டென்ட் அட்டை, மருந்துப் பட்டியல் ஆகிய நான்கையும் ஒரே உறையில் இட்டு, வீட்டில் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். திருப்பதியில் சிகிச்சை பெற்றவர் அவசரத்தில் சித்தூருக்கோ வேலூருக்கோ செல்ல நேர்ந்தால், அந்த உறையே அங்குள்ள மருத்துவருக்கு வழிகாட்டும்.

ஸ்டென்ட் ஒரு குழாயின் ஓரிடத்தை மட்டுமே திறக்கிறது. நோய் எஞ்சிய தமனிகளில் தொடர்கிறது. புகையிலையை விடுதல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், ஸ்டேடின் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளுதல், உப்பையும் பொரித்த உணவையும் குறைத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவையே மற்ற தமனிகளைக் காப்பவை. இப்பகுதியின் கேழ்வரகுக் களியும் கீரையும் பயறும் நல்ல உணவுகளே. ஆனால் களியின் அளவு மிகுந்தால் அதுவும் சர்க்கரையை உயர்த்தும்.

சர்க்கரை நோயாளிகள் ஒவ்வோர் இரவும் படுக்குமுன் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும், அடிப்பாதத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண் தெரியாதோருக்கும் குனிய இயலாதோருக்கும் வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடமே ஆகும் இந்தப் பழக்கம், வேலூருக்கும் திருப்பதிக்குமான பல பயணங்களைத் தவிர்க்கும்.